நாற்பத்தேழு

கோட்டை வாசல் தாண்டி,
கோணேசர் படிக்குக் கீழே
பதினொரு வருசமாய்ச் செருப்புக் காக்கிறேன்.
சோடிக்கு இருபது ரூபா.
ஒற்றைக்காலில் வந்தால் பத்து என்று பகிடி விட்டால்
வெள்ளிக்கிழமைச் சனம் சிரிக்கும்,
செவ்வாய்க்கிழமைச் சனம் முறைக்கும்.

இலக்கத் துண்டுகள் என் கைவேலை.
கல்யாண வீட்டில் எறிந்த ஐஸ்கிறீம் பெட்டிகள்,
ஒரு மூடிக்கு ஆறு துண்டு.
ஊசியைச் சுட்டு ஓட்டை.
கொப்பியில் எழுதினேன்:
செலவு, பூச்சியம்.

இனி மான்கள்.
படத்து மான் புல் மேயும்.
எங்கள் மான் லொத்தர் சீட்டுத் தின்னும்,
கச்சான் சுற்றிய கடதாசி, பூமாலை நார்,
அர்ச்சனைச் சீட்டு
பெயர், நட்சத்திரம், கோரிக்கை சகிதம்.
விழுங்கின நட்சத்திரமும் சாமிக்குத்தான் சேரும் என்பார் ஐயர்.
அவருக்கென்ன, தட்சணை முதலிலேயே வாங்கியாச்சு.

திமிங்கிலம் பார்க்க
வெள்ளைக்காரர் ஆயிரக்கணக்கில் கட்டிப் படகேறுவார்கள்.
மேலே மதிலோரம் நின்றால் காசில்லை.
இரண்டு தரம் கண்டிருக்கிறேன்.
மூன்றாவது, பாறை.

சனிக்கிழமைகளில் சிலர்
செருப்பைக் கழற்றி அப்படியே விட்டுப் போவார்கள்.
துண்டு கேட்க மாட்டார்கள், திரும்பிப் பாரார்கள்.
காலோடு சனியும் கழன்றுவிடுமாம்.
அதில் எனக்கு அளவானதைப் போட்டுக்கொள்வேன்.
இந்த வருசம் நான் நடப்பது
ஒரு வங்கி மனேஜரின் ஏழரையில்.
நல்ல தோல், மழைக்கும் வழுக்காது.

"உனக்குப் பிடிக்காதோ அந்தாளின்ட சனி?"
கச்சான் கடை றீற்றம்மா கேட்டாள்.
வேதக்காரி,
தவக்காலம் முழுக்கச் சீனி தொடாதவள்,
மிச்சம் பிடித்த சீனியில் பாஸ்குவுக்குக் கேக் அடிப்பவள்.
"நான் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிறன்,
சனிக்கு விலாசம் பிடிபடாது" என்றேன்.

ஆடி அமாவாசை அன்று நடந்தது.
தகப்பனுக்குத் தீர்த்தமாடி வந்தவர்,
ஈர வேட்டி, கையில் வாழைப்பழம்,
பழத்தோடு சேர்த்துப் பிடித்த துண்டு.
பெட்டை மான் ஒன்று
இரண்டையும் ஒரே வாயில் எடுத்தது.
"எத்தனையாம் இலக்கம்?"
"மான் வாசிச்சிருக்கும், கேளுங்கோ."
ஒரே மாதிரிக் கறுப்புச் சோடி ஐந்து கிடந்தன.
நான் குதியைப் புரட்டிப் பார்த்தேன்.
இடப்பக்கம் சரிந்து நடக்கிற மனிதர்,
இடது குதி தேய்ந்த சோடி ஒன்றுதான்.
காலைக் கண்டு செருப்பெடுத்ததை
றீற்றம்மா ஒரு மாதம் சொல்லித் திரிந்தாள்.

கார்த்திகை மழைக்குள்
மதில் பக்கமாய் அந்த மான் செத்துக் கிடந்தது.
மிருக வைத்தியர் நௌபீஸ் வந்து வயிறு திறந்தார்.
பின்னேரம் என்னிடம் வந்தார், கையைத் துடைத்துக்கொண்டு.
பொலித்தீன் மட்டும் மூன்றரைக் கிலோ, அக்கா.
கயிறு, பால் பைக்கற், காப்பு நூல்.
பிறகு உள்ளங்கையை விரித்தார்:
"இது உங்கடதானே?"

நாற்பத்தேழு.
ஏழுக்குக் குறுக்கே நான் போடும் கோடு
அழியாமல் இருந்தது.
நாலரை மாதம் ஒரு வயிற்றுக்குள்.
அவ்வளவு நல்ல மார்க்கர் பேனை.

கழுவினேன். சவர்க்காரம் போட்டு, இரண்டு தரம்.
சேதமில்லை, இன்னும் பத்து வருசம் உழைக்கும்
என்று கை தன்பாட்டில் கணக்குப் போட்டது.
அப்போதுதான்
கொப்பியின் முதற்பக்கம் ஞாபகம் வந்தது.
செலவு, பூச்சியம்.

இப்போது துண்டுகள் தகரம்,
பால்மாப் பேணியில் வெட்டியவை.
விளிம்பு விரலைக் கீறுகிறதென்று சனம் ஏசும்.
ஏசட்டும்.
மான் மோந்து பார்த்துவிட்டுப் போகிறது.

நாற்பத்தாறு கொடுப்பேன்,
அடுத்தவருக்கு நாற்பத்தெட்டு.
இடையில் ஒரு ஆணி,
அதில் அந்தப் பழைய மூடித்துண்டு.
ஒருவருக்கும் கொடுப்பதில்லை.
"ராசியில்லாத இலக்கமோ?" என்று கேட்பவரிடம்
ஓம் என்றுவிடுவேன். சுருக்கமாய் முடியும்.

சனம் நிறைந்த நாட்களில்
அந்த ஆணியால் இருபது ரூபா நட்டம்.
அதையும் எழுதி வருகிறேன்,
செலவுப் பக்கத்தில்.